கல்லூரி முடிந்த பிறகும் ஸ்கேட்டைக் கழற்றாமல் இருக்க: பெண்கள் ஐஸ் ஹாக்கியும் கடல் கடந்த கிளப்களும்

ஒவ்வொரு மார்ச் மாதமும் அமெரிக்கக் கல்லூரிகளின் பெண்கள் ஐஸ் ஹாக்கி சீசன் முடிவுக்கு வருகிறது. ஒரு அணி கோப்பையைத் தூக்குகிறது. மற்ற அணிகளின் கடைசி வருட மாணவிகளுக்கு அதற்குச் சில வாரம் முன்பே ஆட்டம் முடிந்துவிடுகிறது. நாலைந்து வயதில் ஸ்கேட் கட்டியவர்கள், இப்போது 22 வயதில் நிற்கிறார்கள். உடம்பு இன்னும் உச்சத்தைத் தொடவில்லை, ஆட்ட அறிவு இப்போதுதான் கூர்மையாகிறது. ஆனால் அடுத்த செப்டம்பரில் எங்கே ஆடுவது என்ற கேள்விக்குப் பெரும்பாலோரிடம் பதில் இல்லை.

இந்த ஆட்டத்தில் 22 என்பது ஓய்வு பெறும் வயதே கிடையாது. ஹிலாரி நைட் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 2012இல் ஆடி முடித்தார். 2025 உலகப் போட்டியில் 35 வயதில் அமெரிக்க அணித் தலைவியாகத் தங்கம் வென்றார். அவருக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் தேசிய அணி இருந்தது, அதன் ஆதரவு இருந்தது. தேசிய அணிக்கு ஒரு படி கீழே நிற்பவருக்கு அது கிடையாது. திறமையில் ஒரு படி குறைந்தால் வாழ்க்கை வாய்ப்பில் பத்துப் படி குறைந்துவிடுகிறது. வெளிநாட்டு கிளப்கள் நிரப்புவது இந்தப் பள்ளத்தைத்தான்.

முதலில் சொந்த ஊரில் இருக்கும் இடங்களை எண்ணிப் பார்த்துவிடுவோம். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவில் 40க்கு மேற்பட்ட பெண்கள் அணிகள் இருக்கின்றன. அணிக்கு 25 பேர் என்று வைத்தால் ஆயிரத்துக்கு மேல். அதில் நாலில் ஒரு பங்கு, அதாவது சுமார் 250 பேர், வருடா வருடம் வெளியே வருகிறார்கள். உதவித்தொகை இல்லாத மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளும் கனடாவின் பல்கலைக்கழக அணிகளும் தனி.

இவர்களுக்கு மேலே இருப்பது பிடபிள்யூஹெச்எல் என்ற தொழில்முறை லீக். 2024 ஜனவரி 1 அன்று ஆறு அணிகளோடு தொடங்கியது. 2025-26 சீசனில் சியாட்டில், வான்கூவர் சேர்ந்து எட்டாகியிருக்கிறது. அணிக்கு 23 பேர் என்றால் மொத்தம் 184 இடங்கள். அந்த இடங்களும் ஆண்டுக்கு ஆண்டு காலியாவதில்லை. 2023இல் அணிகள் முறை வைத்து ஆட்களைப் பொறுக்கும் முதல் டிராஃப்டுக்கு 268 பேர் பெயர் கொடுத்தார்கள், 90 பேர் தேர்வானார்கள். 2025இல் எட்டு அணிகளும் சேர்ந்து எடுத்தது 48 பேரை. அதில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் கோல்கேட் பல்கலைக்கழகத்தில் ஆடிய செக் நாட்டு வீராங்கனை கிறிஸ்டினா கல்தோன்கோவா. உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து மோதும் வாசல் அது. உள்ளே போய்விட்டால் சம்பளம் கௌரவமானதுதான்: முதல் சீசனில் குறைந்தபட்சம் 35,000 டாலர், ஒவ்வொரு அணியிலும் ஆறு பேருக்காவது 80,000 டாலருக்குக் குறையாத ஒப்பந்தம். வாசலுக்கு வெளியே நிற்பவர்களுக்கு வட அமெரிக்காவில் அடுத்த படி என்று பெரிதாக எதுவும் இல்லை.

முன்பும் நிலைமை செழிப்பாக இருந்துவிடவில்லை. 2007இல் தொடங்கிய கனடிய லீக் பத்து வருடம் வீராங்கனைகளுக்குச் சம்பளமே தராமல் நடந்தது. 2017இல்தான் 2,000 முதல் 10,000 டாலர் வரை ஒரு தொகை வந்தது. 2019இல் லீக்கே மூடப்பட்டது. 2015இல் வந்த அமெரிக்க லீக் சம்பளம் தருவோம் என்று அறிவித்துத் தொடங்கி, இரண்டாவது சீசனின் நடுவில் அதைப் பாதி வரை வெட்டியது. அந்த ஆண்டுகளில் ஐரோப்பாவுக்குப் போனவர்களை "இங்கே தாக்குப்பிடிக்க முடியாமல் போனவர்கள்" என்று சொல்ல முடியாது. வீடும் பயிற்சியும் ஒழுங்காகக் கிடைக்கும் இடத்தைத் தேடிப் போனார்கள், அவ்வளவுதான்.

ஐரோப்பாவில் முதலில் சொல்ல வேண்டியது ஸ்வீடனின் பெண்கள் லீக்கான எஸ்டிஹெச்எல். 2007இல் வேறு பெயரில் தொடங்கி, 2016இல் இந்தப் பெயருக்கு மாறியது. பிடபிள்யூஹெச்எல்லுக்கு அடுத்தபடியான தரம் எது என்று கேட்டால் பெரும்பாலோர் இதைத்தான் கைகாட்டுவார்கள். இங்கே பெண்கள் அணிகள் பெரும்பாலும் பெரிய ஆண்கள் கிளப்களின் கூரைக்குக் கீழேயே இருக்கின்றன: யெவ்லேயின் பிரைனேஸ், கோத்தன்பர்க்கின் ஃப்ரோலுண்டா, யோன்ஷோப்பிங்கின் எச்வி71, ஸ்டாக்ஹோமின் யூர்கோர்டன். கிளப்புக்குச் சொந்தப் பயிற்சிக்கூடம், பிசியோ, ஸ்கேட்டைத் தீட்டித் தரும் ஆள் எல்லாம் ஏற்கெனவே இருப்பதால் பெண்கள் அணிக்கும் அதில் பங்கு கிடைக்கிறது. அந்தப் பங்கு எவ்வளவு என்பது கிளப்புக்கு கிளப் மாறும்.

வடக்கே லூலியோ என்றொரு ஊர். ஸ்டாக்ஹோமிலிருந்து சுமார் 900 கிலோமீட்டர். டிசம்பரில் பகல் மூன்றரை மணி நேரம்தான். 2018க்கும் 2023க்கும் இடையே எஸ்டிஹெச்எல்லில் நடந்து முடிந்த இறுதிப் போட்டிகள் எல்லாவற்றையும் வென்றது இந்த ஊரின் அணி. இவ்வளவு தூரத்தில், இவ்வளவு இருட்டில் ஒரு பெண்கள் அணி நாட்டையே ஆள முடிந்தது என்றால் அதற்குக் காரணம் கிளப் அதை உண்மையாக எடுத்துக்கொண்டதுதான். வெளிநாட்டிலிருந்து போகிற பெண் ஊரின் பெயரையும் தட்பவெப்பத்தையும் பார்ப்பதைவிட இதைப் பார்க்க வேண்டும்: பெண்கள் அணிக்குப் பனித்தளத்தில் எத்தனை மணிக்கு நேரம் ஒதுக்குகிறார்கள்? மாலை ஆறு மணிக்கா, சிறுவர்கள் எல்லாம் முடித்துவிட்டுப் போன பிறகு இரவு ஒன்பதரைக்கா? கிளப் நம்மை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதை அந்த ஒரு நேரமே காட்டிக் கொடுத்துவிடும்.

ஆட்டமும் மாறும். வட அமெரிக்காவின் பனித்தளம் சுமார் 26 மீட்டர் அகலம். ஐரோப்பாவின் பழைய அளவு 30 மீட்டர். அந்த நாலு மீட்டரில் எல்லாமே தள்ளிப்போகிறது. தடுப்பாட்டக்காரர் ஓரத்தில் ஒருவரை மடக்கலாம் என்று போனால் அவர் சுற்றிக்கொண்டு போய்விடுவார். கல்லூரியில் பழகிய கோணங்கள் உதவாது. வேகமாக நேராக ஓடுவதைவிட, பந்துக்குப் பதிலாக வைத்து ஆடும் அந்த ரப்பர் வட்டான பக்கை நிதானமாக வைத்துக்கொண்டு ஆள் வரும்வரை காத்திருக்கத் தெரிந்தவர்கள் இங்கே பிழைக்கிறார்கள். இன்னொன்று, ஸ்வீடிஷ் லீக் 2022-23 முதல் உடம்பால் மோதித் தடுப்பதை அனுமதிக்கிறது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் அது தவறு, தண்டனை உண்டு. வாழ்நாள் முழுக்க மோதாமல் ஆடியவர் 22 வயதில் மோதவும், முக்கியமாக மோதலை வாங்கிக்கொண்டு நிலை தடுமாறாமல் இருக்கவும் கற்க வேண்டியிருக்கிறது. பிடபிள்யூஹெச்எல்லும் மோதலுக்கு அதிக இடம் கொடுப்பதால், ஸ்வீடனில் ஒரு சீசன் என்பது அதற்கும் நல்ல பயிற்சி.

போனவர்கள் திரும்பி மேலே ஏறியதும் உண்டு. செயின்ட் லாரன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆடிய கனடியப் பெண் கென்னடி மார்ச்மென்ட் ஸ்வீடனில் எச்வி71 அணிக்காகக் கோல்களைக் குவித்துவிட்டு 2021இல் வட அமெரிக்கா திரும்பினார். அடுத்த ஆண்டே அங்கிருந்த லீக்கின் மிகச் சிறந்த வீராங்கனை விருதை வாங்கினார். மிகேலா கேவா லூலியோவில் பட்டம் வென்று, 2023இல் டொரண்டோ சிக்ஸ் அணியோடும், 2024இல் மினசோட்டா அணியோடும் கோப்பை வென்றவர். இருவரும் கனடாவின் முதல் வரிசைத் தேசிய அணியில் நிரந்தர இடம் இல்லாதவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பா இல்லையென்றால் இருபத்தி மூன்று வயதில் இவர்கள் கதை முடிந்திருக்கக்கூடும்.

அதற்காக ஸ்வீடனைச் சொர்க்கம் என்று நினைத்துவிடக் கூடாது. 2019 ஆகஸ்டில் அந்நாட்டுத் தேசிய அணியின் 43 வீராங்கனைகள் ஊதியம், பயண வசதி, பயிற்சிச் சூழல் எல்லாவற்றையும் முன்வைத்து முகாமைப் புறக்கணித்தார்கள். தேசிய அணிக்கே அந்த நிலை என்றால் கிளப்பில் வந்து சேரும் வெளிநாட்டுப் பெண்ணுக்குப் பணம் கொட்டாது என்று புரிந்துகொள்ளலாம்.

பின்லாந்தின் லீக் தரத்தில் பின்தங்கியதல்ல; உள்ளூர் வீராங்கனைகள் பலமாக இருப்பதால் வெளியாட்களுக்கு இடம் குறைவு. ஸ்விட்சர்லாந்தில் இப்போது நல்ல மாற்றம் தெரிகிறது. முன்பு சூரிக், லூகானோ என்று இரண்டு அணிகளைச் சுற்றியே பேச்சு இருந்தது. சமீப ஆண்டுகளில் பெர்ன், டாவோஸ், சூக் போன்ற பெரிய ஆண்கள் கிளப்களும் பெண்கள் அணியைக் கையில் எடுத்திருக்கின்றன. மினசோட்டா துலூத் பல்கலைக்கழகத்தில் ஆடி, ஸ்வீடனில் பல சீசன் கழித்த ஸ்விஸ் அணித் தலைவி லாரா ஸ்டால்டர் சூக் அணியைக் கட்டியெழுப்பத் திரும்பி வந்தது இந்த மாற்றத்தின் அடையாளம்.

தரவரிசையில் அடுத்து ஜெர்மனியும், ஆஸ்திரியாவை மையமாகக் கொண்டு 2004 முதல் நடக்கும் ஐரோப்பியப் பெண்கள் லீக்கும். இந்த இரண்டாவது லீக் பல நாட்டு அணிகளைச் சேர்த்து நடப்பது: வியன்னா, சால்ஸ்பர்க், புடாபெஸ்ட், இத்தாலியின் போல்சானோ. இங்கே முதல் பிரிவில் நட்சத்திரமாக இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. மூன்றாம் பிரிவுக் கல்லூரியில் நன்றாக ஆடியவருக்கும் கதவு திறக்கும். பிரிட்டன், பிரான்ஸ், டென்மார்க், 2007 முதல் பெண்கள் லீக் நடத்தும் ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் ஆட்டம் பெரும்பாலும் சொந்தச் செலவில்தான். வேலைக்கோ படிப்புக்கோ போகிற இடத்தில் ஹாக்கியும் கிடைக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, என்ன தருவார்கள்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மேல்மட்டத்தைத் தவிர்த்தால் ஒப்பந்தத்தில் எழுதப்படுவது சம்பளத்தைவிட வசதிகள்தான். இன்னொரு வீராங்கனையோடு பங்கிட்டுக்கொள்ளும் வீடு, போகவர விமானச் சீட்டு, பேருந்துப் பாஸ் அல்லது சைக்கிள் அல்லது பழைய கார், மட்டைகள், கொஞ்சம் கைச்செலவுப் பணம். இதற்குப் பதிலாகச் சிறுமிகள் அணிக்குப் பயிற்சி தர வேண்டும் என்ற நிபந்தனையும் பல இடங்களில் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை இப்படிப் போகும்: காலையில் ஏதாவது பகுதிநேர வேலை, பிற்பகல் ஜிம், ஐந்தரை மணிக்குப் பத்து வயதுச் சிறுமிகளுக்குப் பயிற்சி, அவர்களில் நாலு பேருக்கு ஸ்கேட் கயிறு கட்டிவிடுவது உட்பட, அப்புறம் எட்டரைக்குத் தன் பயிற்சி, பதினொரு மணிக்குச் சமையல். சனிக்கிழமை விடியற்காலை பேருந்து.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்த வாழ்க்கையை மனதார விரும்பி மூன்று நாலு வருடம் இருந்தவர்கள் நிறைய. ஆனால் கையெழுத்துப் போடும் முன்பே இது தெரிந்திருக்க வேண்டும். கைச்செலவுப் பணம் எத்தனை மாதத்துக்கு, வீட்டு வாடகையில் மின்சாரம் சேர்ந்ததா, முழங்கால் தசைநார் கிழிந்தால் அறுவைச் சிகிச்சைச் செலவு யாருடையது, காயம்பட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களா? கடைசி இரண்டு கேள்விகளையும் கேட்கக் கூச்சப்படுவார்கள். வாய்ப்பே பெரிது, இதையெல்லாம் கேட்டால் வேறு ஆளைத் தேடிவிடுவார்கள் என்ற பயம். என் கருத்தில், அந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தராத கிளப்புக்குப் போகாமல் இருப்பதே மேல்.

விசா இன்னொரு பெரிய முடிச்சு. சுற்றுலாப் பயணியாக, ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். செப்டம்பரில் தொடங்கி மார்ச் வரை போகும் சீசனுக்கு அது பாதிகூட வராது. ஜெர்மனியில் தொழில்முறை விளையாட்டு வீரர் என்ற பிரிவில் அனுமதி பெறச் சட்டம் ஒரு சம்பள வரம்பு வைத்திருக்கிறது. 2025 கணக்கில் அது மாதம் சுமார் 4,000 யூரோ. ஆண்கள் லீக்குக்கு அது பொருட்டில்லை. பெண்கள் அணியில் அந்தத் தொகையைப் பார்ப்பது அரிது. விதி எல்லோருக்கும் ஒன்றுபோலத்தான் எழுதப்பட்டிருக்கிறது, அடி மட்டும் பெண்கள் மேல் விழுகிறது.

அதனால் சுற்றுவழிகள் தேவைப்படுகின்றன. கனடியர்களுக்குப் பல ஐரோப்பிய நாடுகளோடு இளைஞர் பணி ஒப்பந்தம் இருக்கிறது. ஜெர்மனிக்கு 18 முதல் 35 வயது வரை போய் வேலையும் பார்க்கலாம், ஆடலாம். அமெரிக்கக் கடவுச்சீட்டுக்கு ஐரோப்பாவில் இந்த வழி பெரும்பாலும் அடைபட்டது. அவர்களுக்குக் கைகொடுப்பது மேற்படிப்பு. மாணவர் விசாவில் முதுகலை படித்துக்கொண்டே கிளப்பில் ஆடலாம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் மன்ஹைம் நகரம் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஸ்வீடனும் பின்லாந்தும் ஏற்கெனவே கட்டணம் வாங்குகின்றன. எனவே கிளப்பைத் தேர்ந்தெடுக்கும்போது அது எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதும் கணக்கில் வரும்.

தாத்தா பாட்டியின் தேசம் வழியாகத் திறக்கும் கதவும் உண்டு, அது சிலரை ஒலிம்பிக் வரை கொண்டுபோயிருக்கிறது. கொரியத் தாய்க்குப் பிறந்த ரேண்டி கிரிஃபின் ஹார்வர்டில் ஆடி முடித்துவிட்டு முனைவர் பட்ட ஆய்வுக்குப் போய்விட்டவர். கொரிய அணி அழைத்தது. 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் வட, தென் கொரியாக்களின் கூட்டு அணிக்காக முதல் கோலை, ஜப்பானுக்கு எதிராக, அவர்தான் போட்டார். அதே அணியில் மரிசா பிராண்ட். கொரியாவிலிருந்து அமெரிக்கக் குடும்பத்துக்குத் தத்துப் போனவர், மூன்றாம் பிரிவுக் கல்லூரியான கஸ்டாவஸ் அடால்ஃபஸில் ஆடியவர். அவர் தங்கை ஹன்னா அந்த ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகத் தங்கம் வென்றார். ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பெண்கள், இரண்டு கொடிகளின் கீழ். மூன்றாம் பிரிவில் ஆடினால் எதிர்காலம் இல்லை என்று சொல்பவர்களுக்கு மரிசாவின் பெயரைச் சொன்னால் போதும்.

ஆனால் புதிய நாட்டுக்கு ஆட குடியுரிமை மட்டும் போதாது. சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பின் விதிப்படி அந்நாட்டு லீக்கில் தொடர்ந்து இரண்டு சீசனாவது ஆடியிருக்க வேண்டும். 2026 மிலான்-கார்ட்டினா ஒலிம்பிக்குக்குப் போட்டி நடத்தும் நாடாக இத்தாலிக்கு நேரடி இடம் கிடைத்ததும், இத்தாலிய வம்சாவளி வட அமெரிக்கப் பெண்களுக்குப் போல்சானோ ஒரு முக்கியமான முகவரியானது இதனால்தான்.

ஒலிம்பிக்கை நம்பி வரும் பணம் ஒலிம்பிக் முடிந்ததும் போய்விடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2022 பெய்ஜிங்கை மனதில் வைத்துச் சீனா 2017இல் ஷென்சென் நகரில் இரண்டு அணிகளை அமைத்துக் கனடிய லீக்கிலேயே ஆட வைத்தது. வெளிநாட்டவருக்கு அப்போது வேறெங்கும் இல்லாத வாய்ப்பு. பின்பு அந்த முயற்சி ரஷ்ய லீக்குக்கு நகர்ந்தது. உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பிறகு 2022இல் ரஷ்ய அணிகளைக் கூட்டமைப்பு இடைநீக்கம் செய்தது. சம்பளம் நன்றாகக் கொடுத்த அந்தத் திசை பெரும்பாலோருக்கு மூடிப்போனது.

கடைசியாக நாள்காட்டி. இதில் தடுமாறி ஒரு வருடத்தை இழப்பவர்கள் அதிகம். கல்லூரி சீசன் மார்ச்சில் முடிய, ஐரோப்பிய கிளப்கள் ஏப்ரல் முதல் கோடைக்குள் ஆட்களை எடுத்து முடித்துவிடும். பல லீக்குகளில் வெளிநாட்டவர் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் இருக்கிற ஓரிரு இடம் சீக்கிரம் நிரம்பும். முகவர் வைத்திருப்பவர்கள் சிலரே. பெரும்பாலும் முன்பு அங்கே ஆடிய தோழி சொல்லும் ஒரு வார்த்தை, கல்லூரிப் பயிற்சியாளரின் ஒரு தொலைபேசி, ஐந்து நிமிட வீடியோ, இவைதான் வேலை செய்கின்றன. வீடியோவில் கோல்களை மட்டும் ஒட்டி அனுப்புவதைவிட ஒரு முழு ஆட்டத்தையும் சேர்த்து அனுப்புவது நல்லது. பக் இல்லாதபோது என்ன செய்கிறார் என்பதைத்தான் பயிற்சியாளர் பார்ப்பார்.

டிராஃப்ட் ஜூனில், பிடபிள்யூஹெச்எல் பயிற்சி முகாம் நவம்பரில், ஐரோப்பிய சீசனோ செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். முகாமுக்கு அழைப்பு வருமா என்று காத்திருந்தால் ஐரோப்பிய இடம் போய்விடும். ஐரோப்பாவில் கையெழுத்திட்டால் முகாமை விட வேண்டியிருக்கும். இதற்கு ஒரே பாதுகாப்பு, மேல் லீக்கிலிருந்து அழைப்பு வந்தால் குறிப்பிட்ட தேதிக்குள் விடுவிப்போம் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது. பல கிளப்கள் ஒத்துக்கொள்ளும், கேட்டால்தான். டிசம்பரில் பட்டம் முடிப்பவர்களுக்கும் வழி உண்டு. நாடு மாறி ஆட, பழைய நாட்டுச் சங்கமும் புதிய சங்கமும் கையெழுத்திடும் சர்வதேச மாற்ற அட்டை வேண்டும். ஐரோப்பாவில் அதற்கான கதவு பொதுவாக ஜனவரி கடைசியில் சாத்தப்படும். காயத்தால் ஆள் குறைந்த கிளப்கள் அந்த மாதத்தில்தான் அவசரமாகத் தேடும். பாதி சீசன்தான் என்றாலும், அடுத்த ஆண்டு ஒப்பந்தத்துக்கு அதே ஊரில், அதே பயிற்சியாளரிடம் நேரில் உட்கார்ந்து பேச முடியும்.